நாட்காட்டியை ஊரே எழுதட்டும்

சித்திரை முதல் நாளை நாம் பெரும்பாலும் ஏப்ரல் 14-ஆம் தேதி கொண்டாடுகிறோம். நம் குடியிருப்பில் வாழும் வங்க அன்பர்களுக்கு ஆண்டுப் பிறப்பு பெரும்பாலும் 15-ஆம் தேதி. கேரள அன்பர்களின் விஷு சில ஆண்டுகளில் நம்முடன் வரும். சில ஆண்டுகளில் மறுநாள் வரும். வானத்துச் சூரியன் ஒன்றே. அவ்வாறிருக்க, நாள் மட்டும் மாறுவானேன்?

சூரியன் ஒரு ராசியை விட்டு அடுத்த ராசியில் புகுவதே சங்கிராந்தி. அது சூரியன் மறைவதற்குள் நிகழுமாயின் அன்றே மாதப் பிறப்பு. பின்னர் நிகழின் மறுநாள். இது தமிழர் வழக்கு. மலையாள நாட்டிலோ பகற்பொழுதை ஐந்து கூறாக்கி, முதல் மூன்று கூறு கடந்துவிட்டால் மறுநாளே மாதம் பிறக்கும். வங்கத்தார் நள்ளிரவை எல்லையாகக் கொள்வர். அதற்கு முன் நிகழ்ந்தால் மறுநாளும், பின் நிகழ்ந்தால் மூன்றாம் நாளும் மாதம் தொடங்கும். ஒடிசாவில் சங்கிராந்தி நாளே முதல் நாள். இவை நான்கும் பழமையான வழக்குகள். ஒன்றைச் சரியென்றும் மற்றொன்றைத் தவறென்றும் தீர்ப்புச் சொல்ல நமக்கு உரிமையில்லை.

நாடு விடுதலை பெற்றபின் இவ்வேற்றுமை அரசினரின் கவனத்துக்கு வந்தது. விஞ்ஞானத் தொழில் ஆராய்ச்சிக் குழு 1952 நவம்பரில் நாட்காட்டிச் சீர்திருத்தக் குழுவொன்றை அமைத்தது. பௌதிகப் பேரறிஞர் மேகநாத சாஹா அதன் தலைவர். நிர்மல சந்திர லாஹிரி செயலாளர். நாட்டில் முப்பது வகை நாட்காட்டிகள் வழங்குவதாக அந்நாள் பிரதமர் நேரு குறித்தார். குழுவினர் பஞ்சாங்கம் கணிப்போருக்கு வேண்டுகோள் விடுத்தனர். ஏறத்தாழ 60 பஞ்சாங்கங்கள் வந்து குவிந்தன.

அவற்றை ஒப்பிட்ட குழுவினர் கண்ட உண்மை சிந்திக்கத்தக்கது. பழைய சித்தாந்தங்கள் கொண்ட ஆண்டின் அளவு, பருவங்களின் ஆண்டைவிட ஏறத்தாழ 24 நிமிடம் மிகுதி. சிறு துளி பெருவெள்ளமாகி, ஏறத்தாழ 1400 ஆண்டுகளில் வேறுபாடு 23 நாளாக வளர்ந்துவிட்டது. பகலும் இரவும் சமமாகும் நாளோடு நிற்க வேண்டிய ஆண்டுப் பிறப்பு ஏப்ரல் நடுவுக்கு நகர்ந்தது இதனாலேயே.

இக்குறையைத் தமிழ்நாட்டார் ஒருவர் முன்னரே உணர்ந்திருந்தார் என்பது நமக்குப் பெருமை தருவது. சென்னை வானாராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய சிந்தாமணி இரகுநாதாச்சாரியார், கண்ணால் காணும் வான நிலையோடு பொருந்தும் திருக்கணிதப் பஞ்சாங்கத்தை 19-ஆம் நூற்றாண்டிலேயே வெளியிட்டார். ஆயினும் வாக்கியப் பஞ்சாங்கத்தைக் கைவிடாத குடும்பங்கள் இன்றும் பல உள.

குழு 1955-இல் அறிக்கை அளித்தது. சாஹா 1956 பிப்ரவரியில் மறைந்தார். தம் உழைப்பின் பயனைக் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1957 மார்ச் 22-ஆம் நாள், சக ஆண்டு 1879 சைத்திரம் முதல் நாளாக, தேசிய நாட்காட்டி நடைமுறைக்கு வந்தது. அரசிதழிலும் வானொலியிலும் அந்தத் தேதி இடம் பெற்றது. ஆனால் வீட்டுச் சுவரில் அது ஏறவில்லை. வடநாட்டாரும் தென்னாட்டாரும் இதில் ஒருமனப்பட்டவர்களே!

அக்குழுவின் உழைப்பு வீண் என்று நாம் கருதலாகாது. அறிக்கையிலேயே நாடு முழுவதற்குமான விழாக்களும் அந்தந்த மாநில விழாக்களும் நாள்வாரியாகப் பட்டியலிடப்பட்டிருந்தன. அப்பணி நின்றுவிடவில்லை. கொல்கத்தாவிலுள்ள வான்நிலைக் கணிப்பு மையம் ஆண்டுதோறும் ராஷ்ட்ரீய பஞ்சாங்கத்தைப் பல மொழிகளில் வெளியிட்டு வருகிறது. நாம் விடுப்பு விண்ணப்பம் எழுதுமுன் புரட்டிப் பார்க்கும் விடுமுறைப் பட்டியலுக்குப் பின்னால் அத்தகைய கணிப்பு உண்டு.

புதிய தேதி வீட்டினுள் நுழையவில்லை. விழாப் பட்டியல் நிலைத்தது. ஏன்? தேதி, மக்கள் தம் கணக்கை விட்டுவிட்டு வரவேண்டும் என்றது. பட்டியலோ ஒவ்வொருவரின் நாளையும் அவரவர் கணக்கின்படியே எழுதி, மற்றவரும் அறியச் செய்தது. இரயில்வேயில் உழைக்கும் நமக்கு இது புதிதன்று. இந்தியத் திட்ட நேரம் 1906-இல் வந்தபின்னும் கல்கத்தா 1948 வரையிலும் பம்பாய் 1955 வரையிலும் தம் ஊர் நேரத்தை விடவில்லை. வண்டியின் நேரம் அனைவருக்கும் தெரிந்திருந்ததால் பயணம் தடைப்படவில்லை.

நம் குடியிருப்புக்கு இதில் ஒரு பாடம் உண்டு. இங்குள்ள பொது மண்டபம் ஒன்றே. சென்ற ஆண்டு நம் பொங்கல் விழாவும் வேறொரு மொழியாரின் விழாவும் ஒரே மாலையில் அமைந்தன. இரு சாராரும் முன்கூட்டி அறியாததால் மனத்தாங்கல் நேர்ந்தது. எங்கு போவதென்றறியாது பிள்ளைகள் திகைத்தனர். ஆகவே பொதுவான நாட்காட்டி ஒன்று நமக்கு வேண்டும். அது சுவரில் தொங்கும் தாளாகவும் இருக்கலாம். கைப்பேசியில் அனைவரும் திறந்து எழுதுவதாகவும் இருக்கலாம். விழா, இசை, நூலகக் கூட்டம், இரத்ததானம் முதலிய இலவசப் பொது நிகழ்ச்சிகளை அவற்றை நடத்துவோரே எழுதட்டும். வணிக விளம்பரத்துக்கு அதில் இடம் வேண்டா. ஒருவர் எழுதியதை வேறு மொழியார் ஒருவர் சரிபார்க்கட்டும். நாளில் கருத்து வேற்றுமை எழுந்தால் இரண்டையும் எழுதி, எது யாருடைய கணக்கு என்று குறித்துவிடலாம். மற்றவர் நாளைத் திருத்தும் உரிமை மட்டும் எவருக்கும் வேண்டா.

சங்கம் முதல் தாளைத் தொங்கவிடுமாயின், முதல் வரியில் நம் விழாவை எழுதாமல், அண்டை வீட்டார் விழாவைக் கேட்டெழுதுவோம். நாம் கேட்டால் அவர்களும் கேட்பார்கள்.