ஊன்றுகோலும் பந்தும்

போரிலே காலிழந்த மனிதனுக்குச் செயற்கைக் காலொன்றைப் பொருத்திவிட்டால் சமுதாயத்தின் கடன் தீர்ந்துவிடுமா? மிதிவெடிகள் விதைக்கப்பட்ட யாழ்ப்பாணக் குடாநாட்டில் இவ்வினாவை எழுப்ப நமக்கு உரிமையுண்டு.

இங்கே மருத்துவப் பணி பெரிதும் தருமமாகவே வளர்ந்தது. 1850 இல் தோன்றிய யாழ்ப்பாண மருத்துவமனையை, 1907 இல் அரசு பொறுப்பேற்கும்வரை பிறெண்ட்-இன்-நீட் சங்கமே நடத்திற்று. 1987 இல் ஜெய்ப்பூர் புனர்வாழ்வு நிலையம் அமைந்தது. கைவினைஞர் ராம்சந்திர சர்மாவும் மருத்துவர் பி. கே. சேதியும் உருவாக்கிய அந்த றப்பர்ப் பாதம், குந்தியிருக்கவும் வெறுங்காலோடு வயலில் இறங்கவும் இடந்தருவது. கமக்காரனின் வாழ்வை அறிந்த கைகள் செய்த பொருள் அது. அதன் அருமையை நாம் குறைத்து மதிப்பவரல்லர். ஆயின் கால் வந்தபின் நடை வரவேண்டும். அதற்கு நாள்தோறும் நோவும் அலுப்பும் தரும் பயிற்சி வேண்டும். சுவரைப் பார்த்தபடி தனியே எத்தனை நாள்தான் ஒருவன் கையையும் இடுப்பையும் அசைத்துக்கொண்டிருப்பான்?

இதற்கு விடை கண்டவர்கள் நோயாளரே. ஹிட்லரின் ஜேர்மனியிலிருந்து 1939 இல் வெளியேறிய யூத மருத்துவர் லுட்விக் குட்மன், 1944 இல் இங்கிலாந்தின் ஸ்ரோக் மண்டெவிலில் முள்ளந்தண்டு காயமுற்றோர்க்கான பிரிவைத் தொடங்கினார். அங்கே சக்கரநாற்காலியில் இருந்தோர் ஊன்றுகோல்களைத் தலைகீழாய்ப் பிடித்துத் தட்டொன்றை அடித்து விளையாடுவதைக் கண்டார். தாமும் அதிற் சேர்ந்துகொண்டார். ஏவலுக்கு அசையாத உடல், எதிரணியும் தோழனும் வாய்த்ததும் அசைய விரும்புகிறது. 1948 யூலை 29 இல் 16 பேர் அம்பெய்த போட்டி, 1960 இல் உரோமில் உலகப் போட்டியாயிற்று.

இலங்கையின் முதலாவது பராலிம்பிக் தங்கத்தை 2021 இல் தோக்கியோவில் ஈட்டி எறிந்து வென்ற தினேஷ் பிரியந்த ஹேரத், போரிற் காயமுற்ற சிங்களப் படைவீரர். நாம் மகிழ்கிறோம். அவருக்கு இராணுவம் என்னும் அமைப்பு இருந்தது. அதே போரிற் காலிழந்த தமிழ்க் கமக்காரனுக்கும் கடற்றொழிலாளிக்கும் அத்தகைய அமைப்பு எது?

பெருஞ்செலவை நாம் கேட்கவில்லை. 1956 இல் நெதர்லாந்தில் பிறந்த, இருந்தாடும் கரப்பந்தாட்டத்திற்கு 10 மீற்றர் நீளமும் 6 மீற்றர் அகலமுமான சமதரை போதும். வலை ஆடவர்க்கு 1.15 மீற்றர், பெண்டிர்க்கு 1.05 மீற்றர் உயரம். செயற்கைக் காலைக் கழற்றி ஓரமாய் வைத்துவிட்டே ஆடலாம். கரப்பந்தில் இத்துணை மோகங்கொண்ட குடாநாட்டிலே, வலையைத் தாழ்த்திக் கட்டுவதற்கு ஆள் இல்லாமலா போய்விடும்?