வேலியும் வாடகையும்: திருகோணமலைத் துறைமுக நகரில் நில மாற்றம், 1957–2025

திருகோணமலை நகரத்துக்கு வளர இடம் குறைவு. மேற்கே உள்துறைமுகம், கிழக்கே திறந்த கடல், நடுவே ஒடுங்கிய தரை. கிழக்குக் கொம்பில் பிரெட்ரிக் கோட்டையும் அதற்குள் சுவாமிமலைக் கோணேசர் கோயிலும். தெற்கே கடற்படைத் தளம். இவற்றுக்கிடையே எஞ்சிய நிலத்தில்தான் சந்தை, பாடசாலைகள், கச்சேரி, திருக்கடலூர் மீனவர் வீடுகள், உவர்மலை பங்களாக்கள் எல்லாம். இந்த நகரில் காணி விலை ஏறிய கதையைச் செல்வர்களின் வருகையிலிருந்து தொடங்கினால் பாதிக் கதை தவறிவிடும். இங்கே நிலத்தை முதலில் வளைத்துக்கொண்டது அரசு. சந்தை பிறகுதான் வந்தது.

துறைமுகத்தின் மீது ஆசைப்பட்டவர்களின் பட்டியல் நீளமானது. 1782ஆம் ஆண்டில் மட்டும் அது இரண்டு முறை கைமாறியது. ஜனவரியில் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் பிடித்தார்கள். ஆகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரான் அவர்களிடமிருந்து பறித்தார். 1795இல் ஆங்கிலேயர் மீண்டும் வந்தார்கள். போக நூற்று அறுபத்திரண்டு ஆண்டுகள் எடுத்தார்கள்.    1927இல் ரயில் வந்தது. இரண்டு உலகப் போர்களுக்கும் இடையில் சீனக்குடாக் காட்டில் எண்ணெய்க் குதங்கள் எழுந்தன. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசிப் போனபின்பும் அங்கே பெரும்பாலான குதங்கள் எஞ்சின.

1957 ஒக்டோபர் 15இல் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. வேலிகள் அப்போதும் அகலவில்லை. கொடிதான் மாறியது, காணி கடற்படையிடமே தங்கியது. பிரித்தானிய டொக்யார்ட்டை நம்பி வாழ்ந்த கூலியாட்கள், எழுதுவினைஞர்கள், சலவைக்காரர், சாப்பாட்டுக் கடைக்காரர் எல்லோரும் அடுத்த சில ஆண்டுகளில் வேறு பிழைப்புத் தேடவேண்டி வந்தது. 1980இல் சீனக்குடாவில் பிரீமா மா ஆலை இயங்கத் தொடங்கியது. சில ஆண்டுகளில் டோக்கியோ சீமெந்து ஆலையும் வந்தது. 1979இல் அமைக்கப்பட்ட இலங்கைத் துறைமுக அதிகாரசபையின் கைக்கு எண்பதுகளில் துறைமுகத்தைச் சுற்றிய பெரும் நிலப்பரப்பு வந்து சேர்ந்தது. அதற்குள் மக்கள் ஏற்கெனவே குடியிருந்த, பயிரிட்ட நிலங்களும் அடக்கம். அந்த எல்லைக்கோடு நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு மறுபடி பேச்சுக்கு வந்ததைப் பின்னால் பார்ப்போம்.

உள்நாட்டுப் போர் வேறொரு வேலையைச் செய்தது. 1983 ஜூன், ஜூலை மாதங்களிலேயே நகரில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. 1985, 1987, 1990 என்று அலையலையாக இடப்பெயர்வு. ஒரு குடும்பம் தமிழ்நாட்டு முகாமுக்கும், இன்னொன்று கொழும்புக்கும், வசதி உள்ள இன்னொன்று கனடாவுக்கும் போயிற்று. பின்னே வீடுகள் நின்றன. சிலவற்றில் உறவினர் விளக்கேற்றினர். சிலவற்றை வாடகைக்காரர் பார்த்துக்கொண்டனர். சிலவற்றில் யாரோ குடியேறினர். இலங்கைச் சட்டப்படி ஒருவர் பத்து ஆண்டு தடையின்றி ஆட்சி செய்த காணிக்கு உரிமை கோரலாம். ஓடிப்போனவர் எப்படித் தடை சொல்லியிருக்க முடியும்? 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க ஆட்சியுரிமை (விசேட ஏற்பாடுகள்) சட்டம் இதற்காகவே வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை போரினால் தங்கள் காணிக்கு உரிமை கோர முடியாதிருந்தவர்களுக்கு எதிராக அந்தக் காலம் கணக்கில் எடுக்கப்படாது என்றது. ஆனால் வழக்குத் தொடுக்க அது கொடுத்த அவகாசம் இரண்டே ஆண்டுகள். ரொறன்ரோவில் இருப்பவர் பழைய காணி உறுதியைத் தேடி எடுத்து, அற்றோர்னித் தத்துவம் எழுதி, சட்டத்தரணியைப் பிடிப்பதற்கு அது போதாது.

இன்றைய காணி விளம்பரங்களில் ‘தெளிவான உறுதி’ என்ற சொற்றொடர் விலைக்கு அடுத்தபடியாக நிற்பதன் பின்னணி இதுதான். பேர்ச் கணக்கில் விற்கும் துண்டுக் காணியில் கிணறு உண்டா, வீதி அகலம் எத்தனை அடி என்பதெல்லாம் அதற்குப் பிறகே. உறுதி தெளிவில்லாத வீடு விலை போகாமல் இடிந்து கிடக்கிறது. தெளிவான உறுதியுள்ள பக்கத்து வீடு அதன் பங்கு விலையையும் சேர்த்தே வாங்குகிறது. நகரத்தின் தட்டுப்பாடு வேலியால் மட்டும் வந்ததல்ல; பூட்டிய வாசல்களாலும் வந்தது.

2009இல் போர் முடிந்ததும் வழிகள் திறந்தன. அவ்வாண்டு ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. மூதூருக்கு இயந்திரப் படகில் போன தலைமுறை இப்போது மட்டக்களப்பு வீதியில் பஸ்ஸில் போகிறது. கண்டி வீதி செப்பனிடப்பட்டதும் தெற்கிலிருந்து சுற்றுலாப் பயணிகள் வாகனம் வாகனமாக வந்தார்கள். உப்புவெளி, அலஸ்தோட்டம், நிலாவெளிக் கரைகளில் விடுதிகள் முளைத்தன. மாற்றத்தை உணர ஒரு பழைய வீட்டைப் பார்த்தால் போதும். ஓட்டுக் கூரை, முன்விறாந்தை, வெளியே கிணறு. விறாந்தையைப் பலகையடித்து இரண்டு அறையாக்கி, சுவரில் குளிரூட்டியின் வெளிப்பெட்டியைத் தொங்கவிட்டு, மும்மொழியில் ‘அறைகள் உண்டு’ என்று பலகை மாட்டியாயிற்று. பின்பக்கம் மாத வாடகைக்கு இருந்த ஆசிரியை அல்லது துறைமுக ஊழியர் வேறிடம் பார்க்கச் சொல்லப்படுகிறார். பருவத்தில் சில இரவுகளுக்கு வரும் காசு அவருடைய மாத வாடகையைத் தாண்டுகிறது. 1972ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் பழைய குடியிருப்பாளருக்குக் காப்புக் கொடுத்தது. பின்வந்த திருத்தங்கள் புதிய கட்டடங்களை அந்தக் காப்புக்கு வெளியே நிறுத்தின.

கடற்கரையில் இதன் இன்னொரு முகம். கரைவலை இழுப்பதற்குப் படகும் ஆளும் மட்டும் போதாது, மணல் வேண்டும். வலையின் இரு தலைப்பையும் பிடித்து இழுக்க நீண்ட, தடையில்லாத கரை வேண்டும். அதைத்தான் ‘பாடு’ என்பார்கள். வாடைக்காற்று ஓய்ந்து கிழக்குக் கடல் அமைதியாகும் மாதங்களே கரைவலைக்கும் பருவம், உல்லாசப் பயணிகளுக்கும் பருவம். ஒரே மணலை ஒரே மாதங்களில் இருவர் கேட்கிறார்கள். ஒருவர் சாய்வு நாற்காலி போடுகிறார், மற்றவர் கயிறு போடுகிறார். 2004 சுனாமிக்குப் பின் வடகிழக்கில் 200 மீற்றர், தெற்கில் 100 மீற்றர் என்று அரசு கட்டடத் தடை வலயம் அறிவித்தபோது, மீனவர் வீட்டைத் தள்ளிப் போகச் சொன்ன அதே விதி உல்லாச விடுதிகளுக்கு விலக்கு வைத்திருந்தது. தடை பின்னர் தளர்ந்தாலும் அந்த இடைவெளியில் கரையை யார் பயன்படுத்தலாம் என்ற எண்ணமே மாறிவிட்டது.

இவை பற்றி ஊரில் பேச்சில்லாமல் இல்லை. ஆனால் பேச்சு பெரும்பாலும் ஒரே பாதையில் ஓடுகிறது: இந்தக் காணி எந்த இனத்தவரின் கைக்குப் போகிறது? 2012 குடிசன மதிப்பீட்டின்படி மாவட்டத்தில் முஸ்லிம்கள் ஏறத்தாழ 40 வீதம், தமிழர் 31 வீதம், சிங்களவர் 27 வீதம். கந்தளாய், அல்லை அரசுக் குடியேற்றத் திட்டங்களின் நினைவும், 2005 மே மாதம் பஸ் நிலையத்தருகே புத்தர் சிலை முளைத்து நகரம் ஹர்த்தாலில் முடங்கிய நினைவும் உள்ளவர்கள் அப்படிக் கேட்பதில் நியாயம் உண்டு. அந்த அச்சத்தைக் கற்பனை என்று தள்ளுவது ஆய்வாளருக்கு அழகல்ல. என்றாலும் அந்தக் கேள்வி உறுதி வைத்திருப்பவரைப் பற்றியது மட்டுமே. கனடாவில் இருக்கும் தமிழ் உரிமையாளர் தன் வீட்டை விடுதியாக்கித் தமிழ் வாடகைக்காரியை எழுப்பினால் அந்தக் கணக்கில் எதுவும் இழக்கப்படவில்லை. வெளியேறியவளோ நகரத்தை இழந்துவிட்டாள். 1964இல் லண்டன் தொழிலாளர் குடியிருப்புகளை ஆராய்ந்த சமூகவியலாளர் ரூத் கிளாஸ் முதலில் கவனித்தது இப்படிப்பட்ட மனிதர்களைத்தான். அங்கே நடுத்தர வர்க்கத்தார் வந்து சேர்ந்ததால் அவர்கள் போனார்கள். இங்கே பெரும்பாலும் உரிமையாளர் வரவே இல்லை, அவருடைய பணம் மட்டும் வந்தது.

இதற்கிடையில் மேலிருந்து திட்டங்கள் குவிகின்றன. சிங்கப்பூரின் சுர்பானா ஜுரோங் நிறுவனம் திருகோணமலைக்குப் பெருந்திட்டம் வரைந்தது. 2022 ஜனவரியில் சீனக்குடாவில் எஞ்சியிருந்த 99 எண்ணெய்க் குதங்களும் மூன்றாகப் பங்கிடப்பட்டன: 61 கூட்டு நிறுவனத்துக்கு, 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 14 இந்தியன் ஒயில் நிறுவனத்தின் இலங்கைக் கிளைக்கு. 2006இல் மக்கள் துரத்தப்பட்ட சம்பூரில் முதலில் அனல் மின் நிலையம் என்றார்கள். 2016இல் அது கைவிடப்பட்டது. 2025 ஏப்ரலில் அங்கே 120 மெகாவாட் சூரிய மின் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அதே ஆண்டில் முத்துநகர் விவசாயிகள் கச்சேரி வாசலில் அமர்ந்து போராடினார்கள். தாங்கள் பயிரிட்டுவந்த வயல் துறைமுக அதிகாரசபையின் காணி என்று சொல்லி, சூரிய மின் நிறுவனங்களுக்குக் கொடுக்கப்படுகிறது என்பது அவர்கள் முறைப்பாடு. எண்பதுகளில் வரையப்பட்ட கோடு இப்படித்தான் மீண்டும் உயிர்பெற்றது.

முத்துநகர் விவசாயிக்கு உறுதி இல்லாவிட்டாலும் வயல் இருக்கிறது. பந்தல் போட்டு உட்கார ஓர் இடமும், காட்ட ஒரு வரப்பும் உண்டு. பலகையடித்த விறாந்தைக்குப் பின்னிருந்து வெளியேறிய வாடகைக்காரிக்கு அதுவும் இல்லை. அவள் பெயர் எந்தக் காணிப் பதிவேட்டிலும் இல்லை, எந்த இழப்பீட்டுப் பட்டியலிலும் இல்லை. பட்டினமும் சூழலும் பிரதேச செயலகப் பிரிவில் கடந்த பதினைந்து ஆண்டுகளில் மாத வாடகையிலிருந்து இரவு வாடகைக்கு மாறிய வீடுகளை வீதிவாரியாகக் கணக்கெடுப்பது, நில உறுதிகளை ஆராய்வதற்கு முன்பே செய்யவேண்டிய வேலை.