‘பின்’ என்ற சொல் பொருந்தாத ஊர்

1990களின் தொடக்கத்தில் நான் படிப்பித்த பள்ளிக்கூட வளவில் பங்கர் வெட்டியிருந்தோம். மேலே பனங்குற்றி, அதன்மேல் மண்மூட்டை. பொம்மர் இரைந்தால் பிள்ளைகள் வரிசை குலையாமல் உள்ளே இறங்குவார்கள். இரைச்சல் ஓய்ந்ததும் விட்ட இடத்திலிருந்து பாடம் தொடரும். பிள்ளைகள் பழகிவிட்டார்கள் என்று நினைத்தேன். பின்னாளில் உளவளத்துணையாளராக வேலை செய்தபோதுதான் அது எவ்வளவு பிழையான கணிப்பு என்று விளங்கியது.

அந்நாளில் யாழ்ப்பாணத்தில் மனம் சரியில்லை என்று சொல்லிக்கொண்டு வைத்தியரிடம் போவோர் குறைவு. நெஞ்சு இடிக்குது, உடம்பு எரியுது, தலை விறைக்குது என்பார்கள், குளிசையோடு திரும்புவார்கள். வீட்டாரோ, ‘ஒரே பெருமூச்சு’, ‘நடைப்பிணம் மாதிரித் திரியிறா’ என்பார்கள். மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் இந்தச் சொற்களையே நோயின் மொழியாகக் காது கொடுத்துக் கேட்டவர். போர் எங்கள் மனங்களில் செய்ததை 1998இல் ‘ஸ்கார்ட் மைண்ட்ஸ்’ என்ற ஆங்கில நூலில் பதிவு செய்தார். ‘மனவடு’ என்ற சொல்லும் இங்கே புழக்கத்துக்கு வந்தது. காயம் ஆறினாலும் தடம் கிடக்கும் என்பதைத் தமிழ் தெரிந்த எவருக்கும் விளக்கத் தேவையில்லை.

ஆனால் நோயின் முழுப்பெயரில் ஒரு சங்கடம் இருந்தது. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய படையினரின் நிலை உந்த, 1980இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் ‘நெருக்கீட்டுக்குப் பின்னான மனவடு நோய்’ என்பதை ஏற்றது. ஒரு கொடுமை நடந்தது, முடிந்தது, பிறகு நோய் என்பது அதன் கணக்கு. எங்களுக்கு எது ‘பின்’? 1987 ஒக்டோபரில் யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குள்ளேயே சூடு நடந்தது. 1995 ஒக்டோபர் 30 இரவு, மழைக்குள், வலிகாமத்து மக்கள் லட்சக்கணக்கில் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தார்கள். 2004இல் சுனாமியாகக் கடல் வந்தது. 2009இல் வன்னியின் இறுதிப்போர்.

அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992இல் இந்த இடைவெளியைச் சுட்டினார். சிறைப்பட்டோர், வீட்டுக்குள் ஆண்டுக்கணக்காக அடிவாங்கிய பெண்கள், வதைபட்ட பிள்ளைகள் போன்றோரின் பாதிப்பு வேறுவகை என்றார். கெட்ட கனவும் திடுக்கிடலும் மட்டுமல்ல. கோபமும் துக்கமும் கட்டுக்குள் நிற்காது, தன்மேலேயே அருவருப்பு வரும், எவரையும் நம்ப முடியாது. சிகிச்சைக்கும் ஓர் ஒழுங்கு சொன்னார்: முதலில் பாதுகாப்பு, அடுத்து நினைவுகூரலும் துக்கம் காத்தலும், அதன்பின் மனிதரோடு மீளச் சேர்தல்.

அந்த ஒழுங்கை நான் பிழைவிட்டுத்தான் படித்தேன். 1996இல் ஓர் இரவு கணவனைப் பிடித்துக்கொண்டு போக, திரும்பிவராதவனுக்காகக் காத்திருந்த ஒரு பெண் உடம்பெரிவோடு வந்தார். செத்தவீடு இல்லை, அந்தியேட்டி இல்லை. பொட்டு வைத்தாலும் ஊர் கதைக்கும், வைக்காவிட்டாலும் கதைக்கும். இரண்டாம் சந்திப்பிலேயே, “அண்டைக்கு என்ன நடந்தது, சொல்லுங்கோ” என்றேன். அதன்பிறகு அவர் வரவில்லை.

மூன்று மாதம் கழித்து நானே அவர் வீட்டுக்குப் போனேன். இம்முறை அந்த இரவைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. நிவாரண அட்டைக்கு எழுதிக் கொடுத்தேன். மூச்சை மெல்ல விட்டபடி ‘ஓம் நமசிவாய’ சொல்லப் பழக்கினேன். சைவருக்கு இது, கிறிஸ்தவருக்கு யேசுவின் பெயர், முஸ்லிம்களுக்கு அல்லாஹ்வின் பெயர் என அவரவர் வழிபாட்டுச் சொல்லோடு உடலைத் தளர்த்துவது எங்கள் பயிற்சியில் இருந்தது. ஒன்பதாம் மாதம், தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே சொன்னார்: “கதவைத் திறந்தது நான்தானே, ரீச்சர்.” அத்தனை வருட உடம்பெரிவும் அந்த ஒரு வசனத்துக்குள் இருந்தது.

மட்டக்களப்பில் வாய்திறக்கப் பயந்த காலத்தில், காணாமற்போனோரின் தாய்மார் அம்மன் கோயில்களில் வாக்குக் கேட்டு அழுததை மானிடவியலாளர் பற்றீசியா லோறன்ஸ் பதிவு செய்திருக்கிறார். எங்கள் சனம் துக்கத்துக்கு ஒரு பாதுகாப்பான இடத்தைத் தானாகவே தேடியிருக்கிறது.

உலக சுகாதார ஸ்தாபனம், ஹெர்மன் சுட்டிய சிக்கலான மனவடு நோயைத் தனி நோயாகச் சேர்த்த வகைப்பாடு 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. எங்கள் சனத்துக்கு அது பிந்தி வந்த பெயர். உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தால், ‘என்ன நடந்தது’ என்று கேட்க முதல், ‘இரவு நித்திரை வருகுதா’ என்று கேளுங்கள்.