ஏரியும் அந்தியும்

செம்பரம்பாக்கம் ஏரிக்கரைமேல் மாலையில் நின்றால், சூரியன் தண்டலம், ஸ்ரீபெரும்புதூர் பக்கமாக இறங்குவது தெரியும். தண்ணீர் முழுவதும் செம்பாகிவிடுகிறது. “ஒரு கவிதை எழுதலாம் போலிருக்கிறது ஐயா!” என்றார் உடன் வந்த நண்பர். எனக்கும் அந்த ஆசை இருந்தது. ஆனால் அது நமக்கு எங்கிருந்து வந்தது?

தொல்காப்பியரைக் கேட்டால் வேடிக்கையான விடை கிடைக்கும். மாலைப் பொழுதை அவர் முல்லைக் காட்டுக்குக் கொடுத்தார். சூரியன் சாயும் எற்பாட்டை நெய்தல் கடற்கரைக்குக் கொடுத்தார். வயலும் குளமும் சேர்ந்த மருதத்துக்கோ விடியற்காலை! பரத்தை வீட்டிலிருந்து தலைவன் திரும்பும் நேரம் அதுதானே. ஊடலுக்கு அந்த வேளைதான் பொருத்தம். புலவர்கள் எல்லை மீறிப் பாடுவதுண்டு, அதற்கு இலக்கணமும் இடம் தருகிறது. என்றாலும் ஏரியையும் அந்தியையும் நம் மரபு ஜோடி சேர்த்து வைக்கவில்லை.

சேர்த்து வைத்தவர்கள் வெள்ளைக்காரர்கள். ஏரிகள் நிறைந்த வட இங்கிலாந்தில் வளர்ந்த வோர்ட்ஸ்வொர்த், அங்கே மாலையில் உலாவுவதைப் பற்றியே ஒரு நீண்ட கவிதை எழுதி 1793-ல் வெளியிட்டார். 1835-ல் மெக்காலே இட்ட அஸ்திவாரத்தின்மேல் எழுந்த கல்லூரிகளில் அவரும் ஷெல்லியும் கீட்ஸும் நமக்குப் பாடமானார்கள். பரீட்சைக்காகப் படித்தது கண்ணிலேயே தங்கிவிட்டது. ஷெல்லிதாசன் என்று புனைபெயர் வைத்துக்கொண்ட பாரதி மட்டும் கடனை வட்டியோடு தீர்த்தார். 1912-ல் வந்த பாஞ்சாலி சபதத்தில் சூதாட்டத்துக்குப் போகும் வழியில் அர்ஜுனன் திரௌபதிக்கு அந்தி வானத்தைக் காட்டுகிறான். ஏரி கீழே இல்லை, வானமே பொய்கையாகிறது. இரவல் வாங்கிய கண் என்று அதைப் படிக்கிற எவனும் சொல்ல மாட்டான்.

வோர்ட்ஸ்வொர்த்தும் கோல்ரிட்ஜும் சேர்ந்து கவிதை நூல் வெளியிட்டது 1798-ல். அதே ஆண்டு இந்தச் சீமையில் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் துரை, மழை இரவில் மதுராந்தகம் ஏரி உடைந்துவிடுமோ என்று தவித்தார் என்பது கர்ணபரம்பரை. கரையை வில்லும் அம்புமாக இரு வீரர்கள் காவல் காப்பதைக் கண்டாராம். ஏரி காத்த ராமர் அந்தக் கோயிலில் இன்றும் இருக்கிறார். கதை எப்படியானாலும், அந்த இங்கிலீஷ்காரர் பார்த்தது அழகை அல்ல, கரையை. மடையும் கலங்கலும் அறிந்த குடியானவன் பார்வையும் அதுதான்.

தண்டலத்தைச் சுற்றி வயல்கள் சுருங்கிவிட்டன. அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1998-லிருந்து மோட்டார் கார் செய்கிறார்கள். செம்பரம்பாக்கத்துத் தண்ணீர் சென்னைக்குக் குடிக்கப் போகிறது. பாசனம் போனபின் ஏரி வெறும் காட்சியாகிவிடும் என்று நாமும் நினைத்திருந்தோம். 2015 டிசம்பர் முதல் தேதி, கொட்டும் மழையில் இங்கிருந்து விநாடிக்கு சுமார் 29,000 கன அடி அடையாற்றில் திறந்துவிடப்பட்டது. அன்று மாலை இந்தக் கரையில் நின்றவர்கள் மேற்கே பார்த்திருக்க மாட்டார்கள். மதகுக்குப் பக்கத்தில் அடிக்கணக்கு எழுதிய கல்லைத்தான் பார்த்திருப்பார்கள்.