பகலில் பச்சை, விளக்கொளியில் சிவப்பு: காயல்பட்டின மணி வணிகப் பின்னணியில் அலெக்சாண்டிரைட்

கொற்கைத் துறை மணலால் தூர்ந்தபின் தாமிரபரணிக் கழிமுகத்தில் தலையெடுத்தது பழையகாயல். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கு வந்த மார்க்கோ போலோ அதன் கடல் வணிகத்தைப் பதிவு செய்துள்ளார். அந்த மரபைத் தொடர்ந்த காயல்பட்டினத்து மரைக்காயர்கள் முத்தோடு இலங்கை மணிகளையும் விற்று வாங்கினர். இரத்தினபுரிப் பகுதியின் ஆற்றுச் சரளையில் மாணிக்கம், நீலம், கோமேதகத்துடன் கிரைசோபெரிலும் கிடைக்கிறது. அதன் ஒரு வகை தமிழர் நெடுங்காலம் போற்றிய வைடூரியம். இன்னொரு வகை 19ஆம் நூற்றாண்டில்தான் தனிப்பெயர் பெற்ற அலெக்சாண்டிரைட். கனிமம் ஒன்றாயிருந்தும் வரலாறு இரண்டானதற்குக் காரணம், கல்லை எந்த ஒளியில், எதைக் கொண்டு சோதித்தார்கள் என்பதே என இக்கட்டுரை வாதிடுகிறது.

மரபும் புதுப்பெயரும்

சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை மதுரையின் இரத்தினக் கடைவீதியை விவரிக்கிறது. மணிகளின் குணத்தையும் குற்றத்தையும் பிரித்தறியும் நுட்பம் அதில் தெரிகிறது. நவமணி வரிசையில் வைடூரியத்துக்கு இடமுண்டு. சோதிட மரபு அதைக் கேதுவுக்கு உரியதாக்கியது. நிறம் மாறும் கல்லுக்கு அவ்வரிசையில் இடமில்லை.

அலெக்சாண்டிரைட்டை உலகறியச் செய்தவை உருசியாவின் யூரல் மலை மரகதச் சுரங்கங்கள். 1830களில் கிடைத்த அக்கல் முதலில் மரகதமாகவே கருதப்பட்டது. மரகதத்தைவிடக் கடினமாக இருந்ததும் விளக்கொளியில் சிவந்ததும் ஐயத்தை எழுப்பின. பின்லாந்துக் கனிமவியலாளர் நில்ஸ் குஸ்தாவ் நோர்டென்ஷோல்டின் பெயர் இக்கண்டுபிடிப்போடு இணைந்தது. பின்னாளில் இரண்டாம் அலெக்சாண்டராக முடிசூடிய இளவரசரின் பெயர் கல்லுக்கு இடப்பட்டது. அவருடைய பிறந்தநாளிலேயே அது கிடைத்தது என்பது ஐயத்துக்குரிய கதை. ஆயினும் உருசியப் படையின் பச்சை, சிவப்பு நிறங்களை நினைவூட்டியதால் கல் அரசுப் பெருமையின் அடையாளமாயிற்று. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் இலங்கைக் கற்களும் சந்தைக்கு வந்தன. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்திலுள்ள 65.08 கேரட் கல் இலங்கையில் கிடைத்ததே.

நிறம் மாறுவது எவ்வாறு

கிரைசோபெரில் என்பது பெரிலியம் அலுமினியம் ஆக்சைடு. அதில் அலுமினியத்தின் இடத்தில் சிறிதளவு குரோமியம் புகுந்தால், கல் மஞ்சள் ஒளியை விழுங்கி, பச்சையையும் சிவப்பையும் ஏறத்தாழச் சமமாக விடுகிறது. பகலொளியில் பச்சை ஓங்கும். செவ்வொளி மிகுந்த மெழுகுவர்த்தி, குண்டு பல்பு வெளிச்சத்தில் சிவப்பு ஓங்கும். இலங்கைக் கற்கள் பெரும்பாலும் பகலில் மஞ்சள் கலந்த பச்சையாகவும் இரவில் பழுப்புச் சிவப்பாகவும் தோன்றும். யூரல் கற்களில் நீலப்பச்சையும் ஊதாச்சிவப்பும் தெளிவாக இருக்கும்.

பட்டை தீட்டல்

வைடூரியத்துக்குப் பட்டை போடுவதில்லை. குவிந்த வடிவில் சாணை பிடிக்கிறார்கள். உள்ளே இணையாக ஓடும் ஊசி இழைகளுக்கு அடித்தளம் இணையாக அமைய வேண்டும். அப்போதுதான் இழைகளுக்குக் குறுக்கே ஒளிக்கோடு நேராக விழும். அலெக்சாண்டிரைட்டில் சிக்கல் வேறு. திசைக்குத் திசை மூன்று நிறம் காட்டும் கல் அது. கச்சாக் கல்லைப் பகலொளியிலும் விளக்கொளியிலும் திருப்பிப் பார்த்து, மாற்றம் தெளிவாகத் தெரியும் பக்கத்தை முகப்பாக்க வேண்டும். இலங்கையில் வில்லால் சுழற்றிய பழைய சாணை முறை எடையைக் காப்பதிலேயே கருத்தாக இருந்தது. எடைக்காகத் திசையை விட்டுக்கொடுத்தால் நிறமாற்றம் மங்கும், விலையும் இறங்கும்.

கண்ணும் கருவியும்

20ஆம் நூற்றாண்டில் வனேடியம் சேர்த்த செயற்கைக் குருந்தம் அலெக்சாண்டிரைட் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. 1970களில் ஆய்வகத்தில் வளர்த்த அலெக்சாண்டிரைட்டும் வந்தது. குருந்தப் போலியை அளவீடு காட்டிக்கொடுக்கும்: அலெக்சாண்டிரைட்டின் ஒளிவிலகல் எண் சுமார் 1.75, ஒப்படர்த்தி 3.73, குருந்தத்துக்கு அவை சுமார் 1.77, 4.00. ஆய்வகத்தில் வளர்த்த கல்லுக்கும் இயற்கைக் கல்லுக்கும் இவ்வெண்கள் ஏறத்தாழ ஒன்றே என்பதால், உள்ளடங்கிய படிகங்களையும் திரவத் துளிகளையும் நுண்ணோக்கியில் ஆராய வேண்டும்.

முடிவுரை

வைடூரியத்தின் ஒளிக்கோட்டை அறிய ஒரு விளக்கு போதும். அலெக்சாண்டிரைட்டுக்கு இரண்டு ஒளிகளின் ஒப்பீடும் கனிமச் சோதனையும் தேவைப்பட்டன. நவமணி மரபு அதை வகுக்காமல் விட்டதை அறியாமை எனக் கொள்வது நியாயமன்று. அம்மரபின் அளவுகோல் வேறு. காயல்பட்டினம் போன்ற வணிக ஊர்களின் வரலாற்றை எழுதுவோர் கப்பல், சுங்கக் கணக்குகளோடு கல்லைச் சோதித்த முறைகளையும் ஆவணப்படுத்த வேண்டும். மணியின் மதிப்பு உருவாவது அந்த அறிவில்தான்.