தேன்: மலையும் பெட்டியும் சென்னைக் கடைவீதியும்

தேன், பூக்களிலும் இலைக்காம்புகளிலும் சுரக்கும் மதுவைத் தேனீக்கள் திரட்டி, தம் நொதிகளால் மாற்றி, நீரை வற்றச் செய்து அடையில் சேர்க்கும் இனிப்பு. சென்னையின் மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு பகுதிகளில் விற்கப்படும் தமிழ்நாட்டுத் தேனுக்கு முக்கியமான ஊற்றுகள் இரண்டு: மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகள், கன்னியாகுமரி மாவட்டத்தின் ரப்பர் தோட்டங்கள்.

வகைகள்

பாறை முகட்டிலும் உயர்ந்த மரங்களிலும் ஒற்றைப் பேரடை கட்டும் மலைத்தேனீயைப் பெட்டியில் வளர்க்க முடியாது. சென்னையில் அடுக்குமாடிகளின் விளிம்பிலும் தண்ணீர்த் தொட்டியின் அடியிலும் தொங்குவது பெரும்பாலும் இதன் கூடே. சிறு கிளையில் அடை கட்டும் கொம்புத்தேனீ தருவது கொம்புத்தேன். மரப்பொந்தில் பல அடைகளை அடுக்கும் இந்தியத் தேனீதான் பெட்டி வளர்ப்புக்கு இசைந்தது. கொடுக்கில்லாத கொசுத்தேனீயின் புளிப்புக் கலந்த தேன் மிகக் குறைவாகவே கிடைக்கும், மருந்துக்காகத் தேடப்படுகிறது.

வரலாறு

நீலகிரிக் குறும்பர்கள் காட்டுக்கொடிகளால் ஏணி பின்னி, புகையிட்டு, செங்குத்துப் பாறைகளில் தேன் எடுப்பதைத் தலைமுறைகளாகச் செய்து வருகின்றனர். 1993இல் தொடங்கப்பட்ட கோத்தகிரியின் கீஸ்டோன் அறக்கட்டளை, புழுவறையை விட்டுவிட்டுத் தேன் பகுதியை மட்டும் அறுக்கும் முறையைப் பரப்பி, பழங்குடியினருக்கு நியாயமான விலை கிடைக்க உழைத்து வருகிறது.

பெட்டி வளர்ப்பின் அடிப்படை, 1851இல் அமெரிக்கர் லாங்ஸ்ட்ராத் வகுத்த, கழற்றி மாட்டும் சட்டம். அடையைச் சிதைக்காமல் தேனை மட்டும் எடுக்க அது வழி செய்தது. 1910களில் திருச்சிராப்பள்ளியில் இருந்த அருட்தந்தை நியூட்டன், உருவில் சிறிய இந்தியத் தேனீக்கு ஏற்ற பெட்டியை உருவாக்கினார். அது இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. 1920களில் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. ஊரக மையத்தை நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச், தேனீ வளர்ப்பைச் சிறு விவசாயிகளின் துணைத்தொழிலாக வளர்த்தார். 1957 முதல் கதர் கிராமத் தொழில் ஆணையம் பயிற்சியும் சந்தையும் தந்தது.

மார்த்தாண்டம் பகுதியில் பெருமளவு தேன் ரப்பர் மரத்தின் தளிர் இலைக்காம்பில் சுரக்கும் மதுவிலிருந்து வருகிறது. சனவரி முதல் மார்ச் வரை, மரம் புதிதாய்த் துளிர்க்கும் காலமே அங்கு அறுவடைக் காலம். 1990களின் தொடக்கத்தில் புழுக்களைத் தாக்கிய தாய் சாக்புரூட் வைரஸ் தென்னிந்தியாவில் ஏராளமான பெட்டிகளை வெறுமையாக்கியது. தாக்குப்பிடித்த கூட்டங்களிலிருந்து தொழிலை மீட்டெடுத்த வளர்ப்போரின் பொறுமை போற்றத்தக்கது. 2023இல் மார்த்தாண்டம் தேன் புவிசார் குறியீடு பெற்றது.

பயன்கள்

மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில் உள்ளிட்ட சிவன் கோயில்களில் அபிஷேகப் பொருள்களுள் தேனும் ஒன்று; பஞ்சாமிர்தத்திலும் சேர்கிறது. கும்பகோணம் அருகே திருப்புறம்பியத்தில் விநாயகர் சதுர்த்தி இரவில் பிள்ளையாருக்குத் தேனாலேயே அபிஷேகம் நடக்கிறது. சித்த மருத்துவத்தில் தேன் ஓர் அனுபானம்: திரிகடுகு போன்ற சூரணங்களைத் தேனில் குழைத்துக் கொடுப்பர். அடையாறை அடுத்த திருவான்மியூரில் இயங்கும், 1944இல் தோன்றிய இம்காப்ஸ் கூட்டுறவு மருந்தகத்தில் தேனுடன் உட்கொள்ளும் சூரணங்கள் பல கிடைக்கின்றன. பிறந்த குழந்தையின் நாவில் இனிப்பைத் தொட்டுச் சேனை வைக்கும் வழக்கம் இருந்தாலும் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கூடாது; அதில் இருக்கக்கூடிய பாக்டீரியா வித்துகள் பொட்டுலிசம் என்னும் நரம்பு நோயை உண்டாக்கலாம்.

தரம்

தேனின் ஈரப்பதம் பொதுவாக 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, தாண்டினால் புளிக்கும். உறைவது கலப்படத்தின் அடையாளம் அன்று: குளுக்கோஸ் மிகுந்த ரப்பர்த் தேன் இயல்பாகவே விரைவில் உறையும். தண்ணீரில் விட்டுப் பார்ப்பதும் திரியில் நனைத்து எரிப்பதும் சர்க்கரைப் பாகு கலப்பைக் காட்டிக்கொடுக்காது. ஆய்வகச் சோதனையே காட்டும். 2020இல் டெல்லி அறிவியல் சுற்றுச்சூழல் மையம் பரிசோதித்த 13 வணிகப் பெயர்களில் மூன்று மட்டுமே எல்லாச் சோதனைகளிலும் தேறின. ஆகவே எந்தத் தேனீ, எந்த ஊர், எந்தப் பருவம் என்று சொல்லி விற்கும் தேனைக் கேட்டு வாங்குவதே வாங்குவோருக்கு நல்லது. மலையேறித் தேன் எடுப்போரும் பெட்டியில் தேனீ வளர்ப்போரும் அதனால்தான் வாழ முடியும்.