பக்கத்து வேரில் தண்ணீர் குடிக்கும் சந்தன மரம்

அத்தர் பூசுகிறவர்களுக்குச் சந்தன வாசனை புதிதல்ல. பழைய முறையில் அத்தர் வடிக்கச் சந்தன எண்ணெய்தான் அடிப்படை. ஆனால் அந்த மரம் தண்ணீர் குடிக்கும் விதத்தை அறிந்தவர்கள் நம்மில் குறைவு.

திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கும் ஜவ்வாது மலை, சந்தனத்துக்குப் பேர்போனது. (ஜவ்வாது என்பதே ஒரு வாசனைப் பொருளின் பெயர்தான்!)

பொதுவாக ஒரு செடி, வேர்த்தூவிகள் வழியாக மண்ணிலிருந்து நீரை எடுக்கிறது. அந்த நீர் 'சைலம்' என்னும் நுண்குழாய்களில் மேலே ஏறுகிறது. இலைத்துளைகள் வழியே நீர் ஆவியாக வெளியேற வெளியேற, கீழிருந்து நீர் இழுபட்டு வருகிறது. அதாவது, இதயம் போன்ற ஒரு பம்பு மரத்துக்குக் கிடையாது. ஏறிவரும் நீரில் பெரும்பகுதி ஆவியாகிப் போய்விடும். உணவு தயாரிப்புக்கும் வளர்ச்சிக்கும் நிற்பது நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான். நாம் சுவாசிக்கும் ஆக்ஸிஜன், ஒளிச்சேர்க்கையின்போது அந்தச் சிறு பங்கு நீர் பிளக்கப்படுவதால் வருகிறது.

சந்தனத்தின் வழி வேறு. அதன் இலை பச்சை. உணவை அதுவே தயாரித்துக்கொள்ளும். ஆனால் நீருக்கும் தாதுச்சத்துக்கும் அது பக்கத்துச் செடியை நாடுகிறது. அதன் வேரில் சிறு குமிழ் போன்ற உறிஞ்சு உறுப்புகள் தோன்றி, பக்கத்து வேரைக் கவ்வித் துளைத்து, அதன் சைலத்தோடு இணைந்துகொள்கின்றன. தாவரவியலில் இதற்குப் பாதி ஒட்டுண்ணி என்று பெயர். 1871-ல் ஜான் ஸ்காட் என்பவர் இதைக் கண்டறிந்து எழுதினார். 300-க்கும் மேற்பட்ட தாவரங்களில் சந்தனம் இப்படி ஒட்டிக்கொள்ளும் என்கிறார்கள்.

சந்தனக் கன்றைத் தனியாக நட்டு, சுற்றிலும் சுத்தமாகக் களை எடுப்பவர்கள் ஏமாறுவது இதனால்தான். நானும் அப்படி ஒரு கன்றைக் கருகவிட்டவன். தினமும் தண்ணீர் ஊற்றினேன்; பக்கத்தில் இருந்த செடிகளைப் பிடுங்கியதும் நானே. நாற்றங்கால்களில் கன்றோடு துவரையையும் சேர்த்து விதைக்கிறார்கள். துவரையின் ஆயுள் குறைவு என்பதால், பின்னர் சவுக்கு போன்ற நீண்டகாலத் துணை மரத்தை அருகில் வைக்கிறார்கள்.

வெட்டாலும் கடத்தலாலும் சந்தனம் குறைந்துபோன ஜவ்வாது மலையில் அதை மீட்க நினைப்பவர்கள், சந்தனக் கன்றுகளை மட்டும் எண்ணிப் பார்த்தால் போதாது. புதர் என்று வெட்டி எறியப்படுவதில்தான் அதன் தண்ணீர் இருக்கிறது.